"பழகிவிடும்" என்று சொல்லும் முன்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு, வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை மணியடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தால், பெற்றோருக்கு நீங்கள் சொல்லும் ஆறுதல் "போகப் போகப் பழகிவிடும்" என்பதுதான். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிரமமே பழகுவதில்தான் இருக்கிறது.

ஓடும் மின்விசிறியின் சத்தம் சற்று நேரத்தில் நம் காதில் விழாமல் போகிறது. காது அடைத்துவிடவில்லை, மூளை அதைத் தள்ளிவைக்கிறது. மூளையில் தூண்டும் நரம்பணுக்களும் உண்டு, அடக்கும் நரம்பணுக்களும் உண்டு. அடக்குவதற்கு முதன்மையாகப் பயன்படும் வேதிப்பொருள் காபா. ஆட்டிசத்தில் தூண்டலுக்கும் அடக்கலுக்கும் உள்ள சமநிலை பிசகியிருக்கலாம் என்று மூளை ஆய்வாளர்களான ரூபன்ஸ்டைனும் மெர்சனிக்கும் 2003இல் எழுதினார்கள். 2015இல் வெளியான ஒரு மூளைப்பட ஆய்வில், போக்குவரத்து இரைச்சலையும் சொரசொரப்பான கம்பளியின் உரசலையும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு, ஆபத்தையும் அச்சத்தையும் உணரும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் கிளர்ச்சி படிப்படியாகத் தணிந்தது. ஆட்டிசத்தோடு மிகையான புலன் கூச்சமும் உள்ள பிள்ளைகளுக்கு அப்படித் தணியவில்லை.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. காபாவை அளந்த ஆய்வுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதன் அடக்கும் வேலையைச் சீராக்கும் என்று எதிர்பார்த்த புமெட்டனைடு மருந்தின் பெரிய சோதனைகள் பலன் தெரியாமல் 2021இல் நிறுத்தப்பட்டன. மாத்திரைக்குக் காத்திருக்க முடியாது. மணியை இன்றே மாற்றலாம்.

அலறும் மணிக்குப் பதில் மென்மையான ஓசை போதும். காலைக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். இரைச்சல் தடுக்கும் காதுமூடிக்குத் தேர்வறையிலும் அனுமதி கொடுங்கள் (காப்பியடிக்கும் கருவி என்று அதைப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!). பின்னாலிருந்து திடீரென்று தோளைத் தொட வேண்டாம். முக்கியமாக, தாங்க முடியாதபோது அனுமதி கேட்காமலே வெளியேறும் உரிமை வேண்டும். அந்த நிலையில் பல பிள்ளைகளுக்குப் பேச்சே வராது. கேட்டுவிட்டுப் போ என்றால் எப்படிக் கேட்பார்கள்?

சத்தத்துக்குச் சற்றும் திரும்பாத பிள்ளைகளும் உண்டு. ஒரே பிள்ளை குக்கர் விசிலுக்கு அலறி, அடிபட்டால் வலியே காட்டாமலும் இருக்கலாம். இவ்விரு விதத்தையும் 2013இல் டி.எஸ்.எம்-5 என்னும் அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்துவிட்டது. எனவே எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு என்று முடித்துவிடாமல், சேர்க்கைப் படிவத்திலேயே எந்த ஒலி, எந்த வெளிச்சம், எந்தத் தொடுதல் ஆகாது என்று கேட்டு, வகுப்பாசிரியர் கையில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்