காய் ஞாயிறு வரை காத்திருக்காது

ஏற்காடு,
ஜூன் கடைசி.

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

கர்த்தருக்குள் சுகமாயிருக்கிறாய் என்று நம்புகிறேன். சபைக்குப் பின்னால் கிடக்கும் மூன்று சென்டில் காய் விளைவித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். எந்தெந்தக் கிழமை கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் கமிட்டியில் முடிவு பண்ணுங்கள் கண்ணு. ஆராதனை முடிந்து ஞாயிறு மட்டும்தான் என்றால் வெண்டையே போட வேண்டாம். 45 நாளில் காய்க்கத் தொடங்கிவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். திங்களன்று விட்ட பிஞ்சு ஞாயிற்றுக்கிழமை நாராகிவிடும், நுனி ஒடியாது. இலவசமாக வாங்குகிறவர் அதைக் குறை சொல்லவும் மாட்டார். புதன் ஜெபக்கூட்டத்துக்கும் வெள்ளி உபவாசக் கூட்டத்துக்கும் ஆள் வருமே, அன்றைக்கும் கொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழாது.

பாத்தி மூன்றடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கையெட்ட வேண்டும். நீளம் 15 அடி, நடுவில் ஒன்றரை அடி நடைபாதை. நான்கு பாத்தி முளைக்கீரைக்கு. நான்கையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் வந்து நிற்கும், பிறகு மூன்று வாரம் வெறுங்கை. வாரம் ஒரு பாத்தி விதை. நான்காவதை விதைக்கும்போது முதல் பாத்தி பிடுங்கத் தயார். பாத்திக்கு ஒரு சின்ன ஸ்பூன் விதை போதும், காய்ந்த மணலில் கலந்து தூவு. எறும்பு இழுத்துப் போகும். பாத்தியைச் சுற்றி நொய்யரிசி போட்டால் அதோடு நின்றுவிடும்.

இங்கே மேலே மண் புளிப்பு, அதாவது அமில மண், சுண்ணாம்பு போடுகிறோம். அதைப் பார்த்து அங்கேயும் போட்டுவிடாதே. சேலத்தில் வெள்ளைக்கல் மலைப் பக்கம் மண்ணில் காரத்தன்மை அதிகமாக இருக்கும், போர்த் தண்ணீரும் உப்பு. அடுப்புச் சாம்பலும் வேண்டாம். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையில் தெளி. அதற்கு முன்னால் ஐந்து இடத்தில் அரை அடி ஆழம் தோண்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவை சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்.

பீன்ஸ், சௌசௌ எல்லாம் இங்கே மேலே விளைகிறபடி கீழே விளையாது, ஆசைப்படாதே. கத்தரி போடு. நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடு. குப்பைக்குழியில் போட்டால் அங்கிருந்து அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் நோய், மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கு, பாவம் பார்க்காதே.

வரிசையில் நின்று வாங்கக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. லேவியராகமத்தில் வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறதே, அதுபோல் தெருப்பக்கக் கேட்டுக்கு வெளியே ஒரு பாத்தி அரைக்கீரையும் இரண்டு முருங்கையும் விட்டுவிடு. அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். யார் கிள்ளினார் என்று பார்க்க ஆள் வைக்காதே.

முருங்கைக்கு பி.கே.எம்.1 ரக விதை பத்து இதோடு வைத்திருக்கிறேன். குழிக்கு இரண்டு போட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் வை. இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும், ஆறு மாதத்தில் காய். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மேட்டில் நடு. சபைப் போதகர் ஐயரிடம் ஒன்று கேட்டு வை: மே மாதம் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடக்கும்போது எல்லாரும் பிள்ளைகளோடு போய்விடுவார்கள், அந்தப் பத்து நாள் யார் தண்ணீர் விடுவது?

அப்பா