நினைவுக்கல் திருப்பணி நிறைவு அறிக்கை: செலவுக் கணக்கும் குழுவின் விளக்கமும்

சங்க உறுப்பினர்களுக்கும், மறைந்த படைவீரர்களின் குடும்பத்தாருக்கும் திருப்பணிக் குழுச் செயலாளரின் வணக்கம்.

ஏற்காடு நாகலூர் சாலையோரம், மறைந்த படைவீரர்கள் 58 பேரின் பெயர் தாங்கிய நம் நினைவுக்கல்லை நட்டு முடித்துவிட்டோம். நடைபாதை, கம்பிவேலி, தண்ணீர்க் குழாய், மூன்று சிமெண்ட் பெஞ்சு, வடிகால் எல்லாம் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விகள் மூன்று. மதிப்பீட்டுக்கு மேல் 1,56,600 ரூபாய் எப்படிப் போயிற்று? ஒரே கல்லை ஏன் இரண்டு முறை மலையேற்றினீர்கள்? பணியில் உயிர்நீத்தவரையும், பென்ஷன் வாங்கி வீட்டுக் கட்டிலில் கண்மூடியவரையும் ஏன் ஒரே பட்டியலில் எழுதினீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் எழுந்து நின்று, மைக்கை வாங்கிக் கேட்டார். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

முதல் வரைபடத்தில் இரண்டு பக்கம் இருந்தது உண்மை. முன்பக்கத்தில் பணியில் உயிர்நீத்த 13 பேர். பின்பக்கத்தில் ஓய்வுபெற்றுக் காலமான 45 பேர். அந்த வரைபடத்தைக் குடும்பங்களுக்குக் காட்ட வீடு வீடாகப் போனோம். சேலம் குகைப் பகுதியில் ஒரு வீடு. அப்பா 1962, 1965, 1971 மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த சுபேதார். மகள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்பா பெயரை முதுகில் எழுதப் போகிறீர்களா சார்?” என்று கேட்டார். நெஞ்சில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

பிரித்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் 10 வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். எதிரியின் தோட்டா ஒன்றுகூட அங்கே பாயவில்லை. அவர்களைப் போரில் இறந்தவர் என்பீர்களா, மாட்டீர்களா? நம் பட்டியலில் உள்ள 13 பேரிலும் மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து போனவர் உண்டு, முகாமில் காய்ச்சல் கண்டு போனவரும் உண்டு. கோடு எங்கே போடுவது என்று குழு நான்கு கூட்டம் பேசியது. கடைசியில் ஒரே பக்கம், இறந்த ஆண்டு வரிசை, பணியில் உயிர்நீத்தவர் பெயருக்கு முன்னால் ஒரு சிறு நட்சத்திரம் என்று முடிவானது. முதல் வரி 1944, பர்மா.

அகர வரிசை கேட்டவர்களுக்கு: அகர வரிசையில் வெட்டிவிட்டால் நாளைக்கு ஒரு பெயரை எங்கே நுழைப்பது? பதவி வரிசை கேட்டவர்களுக்கு: சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும், 1917-இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதி அது. நம் கல்லில் பெயருக்குப் பக்கத்தில் பதவி இருக்கிறது. சுபேதார் மேஜருக்கு மேலே ஒரு சிப்பாய் வந்திருக்கிறார் என்றால், அவர் முன்னால் இறந்தார், அவ்வளவுதான்.

இலங்கை விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1987-இல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையில் போய்த் திரும்பாத இருவர் நம் பட்டியலில் இருக்கிறார்கள். ‘வெளிநாட்டுப் பணி, 1987’ என்று போட்டுவிட்டால் வம்பு இல்லை என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படை மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது நம் ஊரில் என்ன பேச்சு இருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொந்த மொழி பேசுகிறவர்கள் ஊருக்கு நடுவே துப்பாக்கியோடு நின்றவர்கள் அந்தப் பையன்கள். போ என்ற இடத்துக்குப் போனார்கள். இறந்த இடத்தின் பெயரைக்கூட மறைத்து எழுதும் கல்லுக்கு நான் செயலாளராக இருக்க மாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன், அதற்கு வருந்துகிறேன். கல்லில் ‘இலங்கை, 1987’ என்றுதான் இருக்கிறது.

இனி கல்.

கல் நடுவதற்குப் பழைய இலக்கணம் ஆறு படி சொல்லும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதிலேயே நாம் ஏழு மாதம் கழித்தோம். உள்ளூர்க் கருங்கல்லா, மெருகிட்ட கறுப்பு கிரானைட்டா என்று ஒரு சண்டை. ஏற்காட்டு மூடுபனியில் கருங்கல் ஒரு மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும், எழுத்து தெரியாது என்பதால் கிரானைட். 7 அடி உயரம், 3½ அடி அகலம், 8 அங்குல கனம், ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வேலை கொடுத்தோம். மூன்று விலைப்புள்ளி வாங்கி, நடு விலையைத் தேர்ந்தோம். மிகக் குறைந்த விலை சொன்னவர் 6 அங்குல கனத்துக்குத்தான் சொல்லியிருந்தார். அந்தத் தாள்கள் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பெயர்ப் பட்டியலைத் தயாரித்தது என் வேலை. ராணுவப் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதில் கந்தன், கண்டன், காந்தன் மூவரும் ஒரே ஆள். ஆகவே ராணுவத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு குடும்பத்திடமும் தமிழில் எழுதி வாங்கி, தட்டச்சு செய்து, திரும்ப அவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். 58 தாள்கள். அதில் ஒரு பிழை கிடையாது.

பிழை நேர்ந்தது பட்டறையில். நாங்கள் கொடுத்த யூனிகோடு கோப்பை ஸ்டென்சில் வெட்டும் கணினியில் திறந்தால் கொம்பும் காலும் கலைந்து நின்றதாம். ஆபரேட்டர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 58 பெயரையும் பழைய எழுத்துருவில் புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றைக் கொம்பு பல இடங்களில் இரட்டைக் கொம்பாகிவிட்டது. ஸ்டென்சிலை ஒட்டி, மணலைப் பீய்ச்சி, எழுத்தும் வெட்டியாகிவிட்டது. அதன்பிறகு சரிபார்க்கக் குழுவிலிருந்து மூன்று பேர் போனோம். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன்.

இதை மறைக்கப் போவதில்லை. 24 ஆண்டு ஹவில்தார் கிளார்க்காக இருந்தவன், நாமினல் ரோல் என்ற பெயர்ப் பட்டியல் பார்த்தே கண் பூத்தவன், அன்று 58 வரி இருக்கிறதா என்று எண்ணினேன். இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் நம் மாகாணத்து ஊர்களில் வெள்ளைக்கார அரசு பதித்த பலகைகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், 1914-1919, அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். பெயர் ஒன்றும் இருக்காது. பட்டறையில் நான் செய்ததும் அதே வேலைதான்.

கல் குப்பனூர் வழியாக லாரியில் மேலே வந்தது. நடுவதற்கு முன் பெண்கள் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, 1971-இல் கிழக்கு எல்லையில் கணவரை இழந்தவர், கல்லின் முன்னால் உட்கார்ந்து இடக்கையின் புடவைத் தலைப்பை விலக்கினார். முழங்கைக்குக் கீழே கணவர் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். தந்தி வந்த அடுத்த ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் குத்திக்கொண்டதாம். தபால்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துக் குத்தினார்களாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரனிடம் தன் வரி எது என்று கேட்டு, கையைக் கல்லோடு ஒட்டி வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். “தம்பி, என் கையில் முதல் கொம்புக்கு ஒரு சுழிதான். உங்கள் கல்லில் இரண்டு இருக்கிறதே” என்றார். செ என்று இருக்க வேண்டியது சே என்று இருந்தது.

பட்டறை ஒப்பந்தக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். பச்சை குத்தியவளுக்கு எழுத்து தெரியுமா, கைதான் தப்பாக இருக்கும் என்றார். மறுநாள் அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரி எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எல்லாவற்றிலும் அடியில் கணவர் கைப்படத் தமிழில் கையெழுத்து. ஒற்றைக் கொம்பு. பிறகு கல்லின் 58 வரியையும் தாள்களோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தோம். 9 பெயர்களில் கொம்பு தப்பு.

ஒப்பந்தக்காரர் சொன்ன வழி, அரால்டைட் பசையில் கல்தூளைக் குழைத்து அடைத்து, மேலே புதிதாக வெட்டிவிடலாம், ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது என்பது. குழுவில் இருவர் அதற்குச் சம்மதித்தார்கள். செலவும் பத்தாயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஆனால் மஞ்சள் வைக்க வருகிறவர்கள் ஐந்தடி தள்ளி நிற்க மாட்டார்கள். கல்லைக் கீழே இறக்கி, முகம் முழுவதையும் அரைத்து, மெருகேற்றி, முதலிலிருந்து வெட்டச் சொன்னோம். பொதுக்குழுவைக் கேட்காமல் இந்த முடிவை எடுத்தது விதிமீறல் என்கிறார்கள். அவசரச் செலவுக்குக் குழுவுக்கு உள்ள அதிகாரம் 25,000 ரூபாய்தான், ஆகவே விதிமீறல்தான். பொதுக்குழு கூடும்வரை கல்லை அந்த அம்மா முன்னால் சாக்கு போட்டு மூடி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

யார் பணம் கொடுப்பது என்ற சண்டை இரண்டரை மாதம் நடந்தது. உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்பது ஒப்பந்தக்காரர் வாதம். எழுதிக் கொடுத்த பட்டியலை மாற்ற உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பது நம் வாதம். இரண்டும் சரியான வாதம்தான். வக்கீல் நோட்டீஸ் வரை போய், கடைசியில் அரைப்புக்கும் மறுவெட்டுக்கும் ஆன 92,000 ரூபாயில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. கல்லை இறக்கி ஏற்றிய செலவு முழுவதும் நம் தலையில் விழுந்தது. இரண்டாம் முறை பட்டறைக்கு அந்த அம்மாவின் பேரனையும் அழைத்துப் போனோம். ஸ்டென்சில் ஒட்டியவுடன், மணல் பீய்ச்சுவதற்கு முன்பே, தாளை வைத்து ஒத்துப் பார்த்தான். பதினொன்றாம் வகுப்பு. என்னைவிடக் கண் கூர்மை.

கூடுதல் செலவு: மறுவெட்டில் நம் பங்கு 46,000, கிரேனும் லாரியும் 61,500, ஐப்பசி மழையில் மண் சரிந்ததால் கட்டிய தடுப்புச் சுவர் 49,100. ஆக 1,56,600. மதிப்பீடு 6,85,000, மொத்தச் செலவு 8,41,600. தணிக்கையாளர் ரசீதுகளைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். எழுத்தெழுத்தாகப் பார்த்தாரா என்று நான் கேட்டுக்கொண்டேன்.

நன்கொடையாளர் பெயரைக் கல்லில் போடுவதில்லை என்ற தீர்மானத்தால் சிலருக்கு மனத்தாங்கல். பெயர்கள் நான்கு பக்கமாகச் சங்க அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. இங்கே நன்றி மட்டும்: 3 சென்ட் நிலத்தைக் கிரயமில்லாமல் எழுதிக் கொடுத்த காபி எஸ்டேட் குடும்பத்துக்கு, சிமெண்ட் மூட்டைகளை அனுப்பிய செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரிக்கு, முதல் நடைக்கு வாடகை வாங்காத லாரி உரிமையாளருக்கு, வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் நால்வருக்கு, ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்காரருக்கு, அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு, குடும்ப ஓய்வூதியத்திலிருந்து மாதம் நூறு நூறாகக் கொடுத்த பதினாறு அம்மாக்களுக்கு, கூடுதல் செலவு என்று தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் 40,000 ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போன ஓய்வுபெற்ற நாயக் ஒருவருக்கு. கொடிக்கம்பத்தைச் சேலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து கொடுத்தவர், உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தன் பெயர் எங்காவது இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அடித்தகட்டின் உள்பக்கம் பொறித்துக்கொள்ளச் சொன்னோம். நட்டைக் கழற்றினால் தெரியும். அவருக்கும் மகிழ்ச்சி, தீர்மானமும் பிழைத்தது.

‘திருப்பணி’ என்பது கோயிலுக்குரிய சொல் என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். வடக்கே தருமபுரிப் பக்கம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அவர்களிடம் போய் வித்தியாசம் கேட்கலாம்.

திறப்பு நாள் பற்றி: முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற நாள். ஆனால் அது பெரும்பாலும் போகிப் பண்டிகையில் விழும், பழைய பாயைக் கொளுத்தாமல் யார் மலையேறுவார்கள்? ஆகவே டிசம்பர் 16, 1971-இல் டாக்காவில் கையெழுத்தாகிப் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்த நாள். மார்கழி பிறக்கும் நாளில் நல்ல காரியமா என்று கேட்டவர்களும் பனியில் மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். திறந்தபோது முதல் ஐந்து நிமிடம் மூடுபனியில் கல்லே தெரியவில்லை. பியூகிள் வாசித்த பையன் சரியாக எங்கே பார்த்து நிற்பது என்று தெரியாமல் சாலையைப் பார்த்து வாசித்தான்.

கல்லின் அடியில் 14 வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். 84 வயது மூத்த உறுப்பினர் ஒருவர் தடியால் தொட்டுக் காட்டி, தனக்கு மூன்றாவது வரி போதும், முதல் வரி வேண்டாம் என்றார். புதிய பெயர் சேர்க்க, டிஸ்சார்ஜ் புக் நகலோடு, அவரே தமிழில் எழுதிய கையெழுத்து ஒன்றையும் கொண்டுவாருங்கள். உயிரோடு இருப்பவர்கள் இப்போதே ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுத்து வைக்கலாம். நான் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

இந்த அறிக்கையோடு செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ரசீதுப் புத்தகம் இரண்டு, 58 தாள்கள் கொண்ட கோப்பு, வேலிச் சாவி ஒன்று ஆகியவை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. இன்னொரு சாவி எதிரே உள்ள டீக்கடையில் இருக்கிறது.