அந்தப் படத்தில் இருப்பது சவ வண்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் வந்த 1959ஆம் ஆண்டு கெடிலாக் படத்துக்குக் கீழே 'அமெரிக்காவின் பழைய சவ வண்டி' என்று போட்டிருந்தீர்கள். அது சவ வண்டி இல்லை, அம்புலன்ஸ். நான் ஹட்டன் பக்கத்தில் கராஜில் வண்டிகளின் பொடி (உடற்பகுதி) வேலை செய்கிறவன், பழைய வண்டியின் படம் எது கண்ணில் பட்டாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். உங்கள் படத்தில் முன்கண்ணாடிக்கு மேலே, கூரையின் இரண்டு மூலையிலும் தகரத்தோடு சேர்த்து மூடிக் கட்டிய சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. பக்கக் கண்ணாடிகள் கடைசி வரைக்கும் போகின்றன, அவற்றின் கீழ்ப்பாதி உள்ளே படுத்திருப்பவர் வெளியே தெரியாதபடி மங்கலாக்கப்பட்டிருக்கிறது. பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு? அதற்குத் திரைச்சீலை போடுவார்கள், இல்லாவிட்டால் பின்பக்கக் கண்ணாடியே வைக்காமல் அடைத்துவிட்டு, அதன் மேல் நீளவாக்கில் வளைந்த ஒரு பளபளப்பான கம்பியைப் பொருத்துவார்கள். அந்தக் கம்பியைக் கண்டால் பெரும்பாலும் மலர்ச்சாலையின், அதாவது இறுதிக் கிரியை நடத்துகிறவர்களின், சவ வண்டிதான்.

கெடிலாக் என்று எழுதியதும் பாதிதான் சரி. அந்தக் காலத்தில் கெடிலாக் கம்பனி கொடுத்தது எஞ்சின், கூடுதல் பலமுள்ள நீளமான செசி என்கிற அடிச்சட்டம், பொனட், முன்பக்கத் தகரம், பின்னால் அந்த உயரமான வால் சிறகுகள், இவ்வளவுதான். 1959இல் சாதாரண கெடிலாக் காரில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 130 அங்குலம், இந்தத் தனிச் செசியில் 156 அங்குலம். கூரை, கதவு, பின்பக்கம் எல்லாவற்றையும் கட்டியது வேறு பட்டறைகள். ஒஹையோ மாநிலத்தில் மட்டும் மில்லர்-மீட்டியோர், சுப்பீரியர், சின்சினாட்டி நகரத்து ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்று பல இருந்தன. ஆகவே வண்டியின் முகத்தைப் பார்த்தால் எந்த ஆண்டு என்று தெரியும், யார் கட்டியது என்று தெரிய வேண்டுமானால் கூரையின் வளைவையும், கட்டிய பட்டறையின் பெயரும் இலக்கமும் உள்ள கதவோரத்துத் தகட்டையும் பார்க்க வேண்டும். முகம் பெக்கார்ட் என்ற அமெரிக்கக் காருடையதாக இருந்து 1950களின் தொடக்கத்து வண்டியாகவும் இருந்தால் அநேகமாக ஹென்னி என்ற பட்டறை கட்டியது. ஓல்ட்ஸ்மொபைல் காரின் முகம் என்றால் கொட்னர்-பெவிங்டன் பட்டறையா என்று முதலில் பாருங்கள். பியுயிக் என்றால் பிளெக்சிபிள், அவர்கள் பஸ்ஸும் கட்டினவர்கள். இன்னொன்று, மில்லரும் மீட்டியோரும் 1956இல்தான் ஒன்றாகின, அதனால் 1953ஆம் ஆண்டு மில்லர்-மீட்டியோர் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

வெளியே பார்த்து முடிவெடுக்க முடியாத வண்டியும் உண்டு. காலையில் பிரேதம், மாலையில் நோயாளி என்று இரண்டுக்கும் ஓடியவை அவை. அதில் கூரை விளக்கைக் கழற்றி வைக்கலாம், கண்ணாடியில் செருகியிருக்கும் பெயர்ப் பலகையை மாற்றலாம். அப்போது பின்கதவைத் திறந்து தளத்தைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியைத் தள்ளி ஏற்ற உருளைகள் இருக்கும், ஆனால் அவற்றைப் புரட்டிப் போட்டால் தளம் மட்டமாகிவிடும், அதன் மேல் நோயாளிக் கட்டிலை வைத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். பக்கத்தில் உதவியாளருக்கு மடக்கு ஆசனம் ஒன்றும் இருக்கும். தனிச் சவ வண்டியில் உருளை நிலையாக இருக்கும், பெட்டி நகராமல் தடுக்கும் முளைகளும் இருக்கும், மடக்கு ஆசனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், அந்த உருளைகளுக்குப் பின்னால் ஒரு நாட்டின் வைத்திய வரலாறே இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான அகடமி வெளியிட்ட அறிக்கையின்படி அந்த நாட்டு அம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை நடத்தியது சுமார் 12,000 மலர்ச்சாலைக்காரர்கள். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி ஊரில் அவர்களிடம்தானே இருந்தது. நம் தோட்டங்களில் கொழுந்து லொறி நோயாளியையும் ஏற்றியது, ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதத்தையும் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1970களில் அங்கே விதிகள் இறுகின, உள்ளே வைத்து வைத்தியம் பார்க்க இடம் வேண்டும் என்றார்கள், பத்தாண்டு முடிவதற்குள் கார் செசியில் அம்புலன்ஸ் கட்டுவது நின்றுபோனது.

அடையாளத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. ஜனாதிபதி கென்னடியின் உடலை விமான நிலையத்திலிருந்து ஏற்றிச் சென்ற கடற்படையின் பொன்டியாக் அம்புலன்ஸ் என்று சொல்லி 2011இல் ஒரு வண்டியை அமெரிக்காவில் ஏலம் விட்டார்கள், 1,20,000 டொலருக்குப் போனது. அசல் வண்டி 1986இலேயே நசுக்கி அழிக்கப்பட்டுவிட்டது என்று படத்தோடு ஆவணங்கள் இருக்கின்றன. அதே கம்பனி, அதே மாடல், அதே நிறம் என்பது போதாது, தகட்டு இலக்கமும் பொருந்த வேண்டும்.

இங்கே மலைநாட்டில் பழைய ஷெட்டுகளில் கிடக்கும் நீளமான வண்டிகள் பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகள்தான், அமெரிக்க வண்டி அபூர்வம். எதுவானாலும் பழைய இரும்புக்காரரிடம் நிறைக்குப் போடுவதற்கு முன் கதவோரத் தகடு, பின்தளம், கூரையின் உட்பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துருவைச் சுரண்ட வேண்டாம், இலக்கமும் சேர்ந்து போய்விடும். ஆசிரியர் ஐயா, அடுத்த ஞாயிறு அந்தப் படத்தின் கீழ் 'அம்புலன்ஸ்' என்று ஒரு திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்