தலைப்பிரசவத்துக்கு இப்போது வர வேண்டாம்

சேன் ஆந்த்ரே, ரீயூனியன்

அன்புள்ள மகளுக்கு,

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த நானே இப்போது வர வேண்டாம் என்பது உனக்கு வருத்தமாக இருக்கும். தீவில் சிக்குன்குனியா மறுபடியும் பரவுகிறது. 2005–06இல் இங்குள்ள மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் படுத்தபோது, நானும் பாட்டியும் அகப்பட்டோம். நீயும் அப்பாவும் தப்பினீர்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. உன் உடலுக்கோ அந்தக் கிருமி புதிது.

தொட்டால் ஒட்டுகிற நோயன்று இது. காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தில் முதல் வாரத்தில் வைரஸ் மிகுந்திருக்கும்; அப்போது கடிக்கும் பெண் கொசுவின் குடலில் அது பெருகி, சில நாள்களில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்தடுத்துக் கடிபடுபவர்களின் உடலில் இறங்குகிறது. இங்கே அதைச் சுமப்பது, கால்களில் வெள்ளை வரியுள்ள புலிக்கொசு. அந்த ஆண்டுகளில் வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால், அது இந்தக் கொசுவுக்குள் முன்னினும் எளிதாகப் பெருகியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பகலில் கடிப்பதால் இரவு வலை மட்டும் போதாது. பூந்தொட்டித் தட்டில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மழைநீர் பட்டதும் பொரித்துவிடும்.

பெரியவர்களுக்குக் காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டுவலி எளிதில் விடாது. பாட்டி பல மாதம் விரல் மடக்கிப் பூத்தொடுக்க முடியாமல் இருந்தார். ஆனால் என் அச்சம் உன் குழந்தையைப் பற்றியது. பிரசவ வேளையில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு அது தொற்றிவிடுகிறது என்று அந்தக் கொள்ளைநோயின்போது இந்தத் தீவிலேயே நடந்த ஆய்வு காட்டியது. சிசேரியனும் காக்கவில்லை. பிறந்தபோது நலமாகத் தோன்றும் குழந்தைக்குச் சில நாளில் காய்ச்சல் கண்டு, சிலருக்கு மூளையும் பாதிக்கப்படுகிறது. வைரஸை அழிக்கும் மருந்தும் கிடையாது.

ஆகவே நானே பிரான்சில் உன் ஊரான மோன்பெலியேவுக்கு வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை அந்த நோய் காணாத அப்பா கிருமியைச் சுமந்து வந்துவிடக் கூடாதே என்று, அவர் என்னோடு வர வேண்டாம் எனச் சொல்லிவிட்டேன். உங்கள் ஊரிலும் புலிக்கொசு உண்டு, 2014இல் கேமரூனிலிருந்து வந்த வைரஸ் அங்கேயே சிலருக்குப் பரவியதும் உண்டு. இங்கே குளிர்காலம் வந்து பரவல் தணிந்தபின் அவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வரட்டும். பத்தியத்துக்கு வேண்டிய சுக்கும் ஓமமும் நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா