வீணைக்குள் கடுகு

ஸ்ரீரங்கம்
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள வசு,

முதலில் திட்டி முடித்துவிடு. உன் பொங்கல் கடிதம் நாலு மாதமாக ஃப்ரிட்ஜ் மேலே, கரண்ட் பில்லுக்கும் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் கிடக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னை முறைக்கிறது. நேரமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்ப மாட்டேன். அதில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் ஒத்திப்போட்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருக்கு மறுபடியும் நைட் ஷிஃப்ட். அத்தைக்கு முட்டி வலி, அதே முட்டி, அதே தைலம். பெரியவள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் "ஸ ரி க ம" பாடச் சொன்னால் "த ரி க ம" என்கிறாள், தாளச் சொல்லா ஸ்வரமா என்று தெரியவில்லை. உன் வீட்டில் எல்லாரும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். குசலம் முடிந்தது.

சின்னவன் என் வீணையின் மேளத்தை, பித்தளை மெட்டுகள் பதிந்திருக்கிற அந்த மெழுகு வரம்பை, தோண்டிவிட்டான்.

கையை வாயில் வைத்துக்கொண்டிருப்பாய். வை. நானும் அப்படித்தான் நின்றேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பாய் விரித்து, உறையைக் கழற்றி, சுருதி சேர்த்து, விரலில் மீட்டுக் கம்பியும் மாட்டியாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கிற வாசனை. போய்த் துடைத்துவிட்டு வர மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா? வந்து பார்த்தால் ஒன்றரை வயசு மகாராஜா வீணைக் குடத்தின் மேல் குதிரைச் சவாரி உட்கார்ந்திருக்கிறார். கையில் கேசரி தின்ற ஸ்பூன். கத்திரி வெயிலில் மெழுகு எப்படி இளகிக் கிடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். மேல் ஸ்தாயியில் நாலு மெட்டு பாயில் கிடக்கின்றன, ஐந்தாவது அவன் வாயில். பல்லெல்லாம் கறுப்பு.

வசு, அந்த நேரத்தில் நான் முதலில் எதைப் பார்த்தேன் தெரியுமா? வீணையை. ஒரு விநாடிதான். அப்புறம்தான் அவன் வாயில் விரலை விட்டு மெட்டை எடுத்தேன், தூக்கி முதுகில் தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், எல்லாம் செய்தேன். ஆனாலும் அந்த ஒரு விநாடியை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீ படித்துவிட்டு ஒன்றும் சொல்லாதே.

அத்தை வாசலிலிருந்தே, "இதுக்குத்தான் பரண்ல ஏத்திருன்னேன்" என்றார். ராத்திரி இவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது, ரொம்ப மெதுவாக, என் மனசு நோகக்கூடாது என்று, "இப்போதைக்குக் குடுத்துடலாமா? பாப்பா கத்துக்கிற வயசு வந்ததும் அவளுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார். இவர் கெட்ட மனிதர் இல்லை, உனக்குத் தெரியும். அந்தப் பேச்சில் கோபப்படவும் ஒன்றுமில்லை. இருந்தும் அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு என்றால் வாங்கலாமாம். எனக்கென்று ஏற்கெனவே இருப்பதைக் கொடுத்துவிடலாமாம்.

இதை யோசித்துப் பார். நான் வாசிக்கிறேன் என்று சொன்னால் யாரும் வேண்டாம் என்பதில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்தான். உடனே அடுத்த கேள்வி: "பாப்பாவுக்குச் சொல்லித் தர்றியா?" மாடி வீட்டு மாமி, ஸ்கூல் வாசலில் பார்க்கிற அம்மாக்கள், போனில் என் அம்மா, எல்லாரும் இதே கேள்விதான். நான் வாசிப்பது என்னவோ தண்ணீர்க் குழாய் மாதிரி, அந்தப் பக்கம் ஒரு செடி இருந்தால்தான் திறந்துவிடலாம் போல. பெரியவளுக்கு வீணையில் துளிகூட இஷ்டமில்லை. மேல் சுரைக்காயைக் கழற்றித் தொப்பியாகப் போட்டுக்கொள்ளப் பிடிக்கும், அவ்வளவுதான். அவளுக்கு கராத்தே வேண்டுமாம். போகட்டும். அவள் கற்றுக்கொள்ளவில்லை என்பதால் நான் ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

நீ உடனே வீணை தனம்மாளை இழுப்பாய், ஹாஸ்டலில் இழுத்த மாதிரி. நாலு பெண்களைப் பெற்றவர், ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வாசித்தவர், பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று பேத்திகள் வரை போய்ச் சேர்ந்த சங்கீதம். சரிதான். நானும் நிறைய யோசித்தேன். அந்த வீட்டில் பாட்டியும் பாடினார், அம்மாவும் பாடினார், சங்கீதம்தான் அங்கே சோறு. அம்மா வீணையை எடுத்தால் குழந்தையைத் தூக்கிக்கொள்ள நாலு கை இருந்திருக்கும், அந்த நாலு கைக்கும் அது வேலை நேரம் என்று தெரிந்திருக்கும். நம்முடையது ஹாபி. ஹாபி என்றால் மற்ற எல்லாம் முடிந்த பிறகு செய்வது. ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் மற்ற எல்லாம் எப்போதடி முடிந்தது?

எப்படி வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன், சிரிக்காதே. சின்னவன் பிறந்து ஒரு வருஷம் தொடவே இல்லை. இடது கையில் ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் இருந்த காய்ப்பு உரிந்து உரிந்து ஒரு நாள் காணாமல் போய்விட்டது. பதினாலு வருஷம் சேர்த்தது, டீச்சர் சொல்வாரே, "விரல்ல வரி விழுந்தாத்தான் வீணைக்காரி" என்று, அந்த வரி. குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், விரல் நுனி பஞ்சு மாதிரி இருக்கிறது. ஐப்பசியில் மறுபடி ஆரம்பித்தேன். நாலாம் நாள் கொப்புளம். அதோடு பச்சை மிளகாய் நறுக்கினேன், கேட்காதே.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம். அலாரம் வைத்து அளந்து பார்த்த கணக்கு. இவர் ஷிஃப்ட்டிலிருந்து வந்து குளிக்கப் போவதற்கும் சின்னவன் எழுந்திருப்பதற்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி. சில நாள் ராத்திரி. அப்போது பழைய பனியன் துணியை மடித்து, தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குப் பக்கத்தில் தந்திக்கு அடியில் சொருகிவிடுவேன். டொக் டொக் என்று மரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கும், அறைக்கு வெளியே போகாது. அதுவும் முடியாத நாளில் வலது கையையே எடுப்பதில்லை. இடது கை மட்டும். சத்தமே இல்லாமல் தந்தியை இழுத்து, ஸ்வரத்தை அசைக்கிற கமகம் எங்கே போய் நிற்கிறது என்று காதால் இல்லாமல் விரலால் கேட்பது. பைத்தியம் என்பாய். ஆனால் பைரவி அட தாள வர்ணத்தில் "த" ஸ்வரம் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது ஒரு தைவதம் என்று டீச்சர் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தாரே, ஹையர் கிரேடு பரீட்சையில்கூட நாம் இரண்டு பேரும் சொதப்பினோமே, அது எனக்கு இப்போதுதான் பிடிபட்டது. மூன்று வாரம் அந்த ஒரே இடம். முன்னே என்றால் மூன்று வாரத்தில் ஒரு கிருதி பாடம் பண்ணி, ஒழுங்காக வராமலேயே அடுத்ததுக்குத் தாவியிருப்பேன்.

நீலாம்பரி வாசித்துச் சின்னவனைத் தூங்க வைக்கலாம் என்று நீ கொடுத்த யோசனையையும் செய்து பார்த்தேன். முதல் கமகத்திலேயே எழுந்து உட்கார்ந்து கைதட்டினான். அவன் தூங்குவது கிரைண்டர் சத்தத்துக்குத்தான். மாவு அரைக்காத நாளில் வெறும் கிரைண்டரை ஓட விடுகிறோம்.

சரி, மேளத்துக்கு வருகிறேன். ஐந்து மெட்டை மட்டும் ஒட்ட முடியாது, மிச்சமும் வெயிலில் நகர்ந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரையும் இவரிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு, வீணையைப் போர்வையில் சுற்றித் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கொடுத்துவிட்டு, "குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மடியில் பிடிக்கக் குழந்தை இல்லாமல் நான் பஸ்ஸில் போவது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பட்டறையில் பெரியவர் வாங்கி மடியில் சாய்த்ததுமே, உள்ளே சரசரவென்று மழை பெய்தது. "என்னம்மா உள்ள?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேப்பரை விரித்து, குடத்தைக் கவிழ்த்து, மேல் பலகைத் துளைகள் வழியாகத் தட்டித் தட்டிக் குலுக்கினார். கடுகு! ஒவ்வொன்றாக, ஒரு பிடிக்கு மேல். சின்னவனுக்குத் துளையைப் பார்த்தால் எதையாவது போட்டாக வேண்டும், அஞ்சறைப் பெட்டியில் கடுகு குறைந்தது எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர் அசரவில்லை. அவர் பேரன் ஒரு வீணைக்குள் தலைவலி மாத்திரை போட்டானாம்.

அப்புறம் அவரும் கேட்டார். "பாப்பா கத்துக்குதா?"

"இல்லீங்க, நான்தான்."

ஒன்றும் பதில் சொல்லவில்லை. மிச்ச மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தவர், கீழ் ஸ்தாயி மெட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவினார். "இது பூரா தேஞ்சிருக்கு. மேல இருக்கிறது எல்லாம் புதுசு மாதிரி கெடக்கு. உக்காந்து உக்காந்து ஆரம்பத்துலயே எந்திரிச்சுடுவீங்களோ?"

வசு, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பன்னிரண்டு நிமிஷத்தை ஒருத்தர் மெட்டைத் தொட்டுப் படித்துவிட்டார். பாதி நாள் ஆரம்பப் பாடமான சரளியும் ஜண்டையும் முடிவதற்குள் "அம்மா" என்று குரல் வந்துவிடும், மேல் ஸ்தாயிக்கு நான் போனால்தானே அது தேயும்? அவருக்கு என் முகம் தெரியக்கூடாது என்று தேன்மெழுகு எவ்வளவு, குங்கிலியம் எவ்வளவு, கரி ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் பொறுமையாகச் சொன்னார். இருபத்துநாலு மெட்டையும் மறுபடி காதால் வைத்துக் கட்ட மூன்று நாள் ஆகும் என்றார்.

மிச்ச நேரத்தில் டீச்சரைப் பார்க்கப் போனேன். விரலெல்லாம் முடிச்சு முடிச்சாக வளைந்துவிட்டது, டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறார். நாக்கு மட்டும் அப்படியே. என் பைரவியைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தைவதம் இப்பத்தான் வந்திருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்கணும்" என்றார். உன்னைக் கேட்டார். "அந்தக் கழுதை வாசிக்கிறாளா?" நான் பச்சை மிளகாய் கதையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். எவ்வளவு நேரம் மாற்ற முடியும்?

இப்போது அந்த வரி, உன் பெண்ணையும் உன் வீணையையும் பற்றி எழுதியது. "இவ கீபோர்டுக்கு மாறிட்டா, இனிமே எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு, ஸ்கூலுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்." நாலு மாதமாக ஃப்ரிட்ஜ் மேலே இருந்து என்னை முறைத்தது இந்த வரிதான். உன் ஏகாந்த வீணை! ஒரே பலாமரத்தில் குடைந்தது என்று ஹாஸ்டல் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயே. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்றைக்குப் போன் பண்ணி, "உன் ஒட்டு வீணைக்கும் சேர்த்தாடி?" என்று கேட்டவள்தானே நீ? அவள் கீபோர்டுக்கு மாறினால் மாறட்டும். அது அவளுடையதாக எப்போது ஆனது?

இன்னும் கொடுத்திருக்கவில்லை என்றால் எனக்கு ஒரு கார்டு போடு. கொடுத்துவிட்டாய் என்றால் எந்த ஸ்கூல் என்று எழுது, நானே போய்ச் சண்டை போட்டு வாங்கி வருகிறேன். தீபாவளிக்கு நீ வருவதற்குள் அந்த யாளி மூஞ்சியைத் துடைத்து, தந்தி முறுக்குகிற பிருடைக்குச் சாக்பொடி தடவி வை. வந்தால் நம் மொட்டை மாடிக் கச்சேரி. எனக்குப் பன்னிரண்டு நிமிஷம், உனக்கு வேண்டுமானால் பதினைந்து. ராஜிக்குச் சொல்லாதே, பாட வந்துவிடுவாள்.

வீணை போன வாரம் வந்துவிட்டது. மேல் ஸ்தாயி கண்ணாடி மாதிரிப் பேசுகிறது. இந்த ஆறு நாளில் அங்கே இரண்டே இரண்டு தடவைதான் போக முடிந்தது.

கடுகு முழுசாகப் போகவில்லை. அனுமந்தரத் தந்தியை மீட்டும்போது உள்ளே எங்கேயோ இரண்டு மூன்று உருளுகிறது. பலகையைப் பிரித்தால்தான் எடுக்க முடியுமாம், வேண்டாம் என்றுவிட்டேன். இவர் காதுக்குக் கேட்கவில்லையாம். எனக்குக் கேட்கிறது.

எழுந்துவிட்டான். பேனா வேண்டுமாம்.

உன்,
ஒட்டு