கரையில் தெரியாத காற்று

திருகோணமலை
மே 7

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உனக்கும் மருமகனுக்கும் சின்னவனுக்கும் கோணேசர் துணை.

முந்தநாள் நீ அனுப்பிய படம் கிடைத்தது. வீட்டு ஹோலுக்குள்ளேயே ரப்பர் போட்டை ஊதி வைத்து, சின்னவன் துடுப்போடு அதற்குள் ஏறி இருக்கிறான். அம்மா நாலு தரம் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தா. “அம்மப்பாவின்ர இருப்பு அப்படியே வந்திருக்கு” என்றா. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை. வாட்ஸ்அப்பில் கதைத்தால் பாதியில் சின்னவன் வந்து வாங்கிவிடுவான், சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. யூனில் ஏரிக்குப் போகும் முன் மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

இங்கே கச்சான், அந்தச் சூடான மேல்காற்று, இன்னும் சரியாக எழும்பவில்லை. இப்போது இருப்பது புழுக்கம். பின்னேரத்தில் மேற்கே கறுக்கும், இடிக்கும், நாலு துளி விழும், போய்விடும். கோட்டைக்குள் மான்கள் பத்து மணிக்கே மரநிழல் தேடிப் படுத்துவிடுகின்றன. இன்னும் இரண்டு மூன்று கிழமையில் தென்மேல் பருவக்காற்று கொழும்புப் பக்கம் இறங்கும். அங்கே மழை பிடித்தால் இங்கே கச்சான் பிடிக்கும். யூன் மாதம் நமக்கு மழை என்பதே அருமை. 35 பாகை வெயிலோடு அந்தக் காற்றும் சேர்ந்தால் நம்முடைய வீட்டு முன்கதவு சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். மாரியில் அதே கதவை இடித்துத்தான் திறக்க வேண்டும். உனக்கு ஞாபகம் இருக்கும்.

சின்னவன் பிறந்தபோது ஏப்ரல் நடுவிலிருந்து மூன்று மாதம் உங்களோடு சுவிஸில், அல்ட்டோர்ஃபில் நின்றோமே. வந்து பத்தாம் நாளோ என்னவோ, இரவில் யன்னல் பலகை அடிக்கிற சத்தத்தில் விழித்தேன். எழும்பிப் போய் யன்னலைத் திறந்தால் முகத்தில் சூடான காற்று. மலை உச்சியெல்லாம் பனி கிடக்கிறது, காற்று மட்டும் அடுப்படியிலிருந்து வருவது போல. அம்மாவை எழுப்பி, “கச்சான் எழும்பிட்டுது” என்றேன். நித்திரையில் இருந்த அம்மா, “வெளியில காயப்போட்ட கருவாட்டை எடுங்கோ” என்றா. இங்கே நம்முடைய திருக்கடலூரில் இருக்கிறோம் என்று நினைத்துவிட்டா பாவம்.

விடிந்த பிறகு பார்த்தால், தெற்கே அந்தக் கூர் மலை, பிரிஸ்டன், கை நீட்டினால் தொடலாம் போல பக்கத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் மலை விளிம்பு முழுக்க, மதில் கட்டியது போல வெள்ளை மேகம். மதில் அசையவில்லை, நமக்கு மேலே வானம் நீலம். நீ தலையிடி என்று துவாய் கட்டிக்கொண்டு படுத்திருந்தாய். கீழ் வீட்டுப் பெரியவர் மேலே கையைக் காட்டி, “ஃபோன், ஃபோன்” என்றார். நான் யாரோ தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் நீ சொன்னாய், அது இந்தக் காற்றின் பெயர், தலைமயிர் காயவைக்கிற மெசினுக்கும் அதே பெயர்தான் என்று.

அன்று பின்னேரம் மருமகன் மலைக்குத் தெற்கே தெசின் மாநிலத்தில் இருக்கிற தன் கூட்டாளியோடு கதைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து அடைமழையாம். அதைக் கேட்டவுடன் எனக்குக் கொழும்பு பஸ்தான் ஞாபகம் வந்தது. ஆனி மாதம் கொழும்பில் ஏறும்போது நனைந்துதான் ஏறுவோம். குருநாகல் வரைக்கும் கண்ணாடியில் தூறல். தம்புள்ளையில் றோட்டு காய்ந்திருக்கும். ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கினால் செம்மண் தூசி கண்ணுக்குள் அடிக்கும். கந்தளாய் தாண்டினால் யன்னலைத் திறக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. ஒரே நாள், ஒரே காற்று. கொழும்புக் கரையில் அதன் பெயர் மழைக்காற்று, நம்முடைய கரையில் அதன் பெயர் கச்சான்.

மருமகன் அன்றைக்கு விளங்கப்படுத்தியதை நான் மறக்கவில்லை. ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஈரம் மேகமாக மாறும்போது சூட்டை விடுவதால் ஆயிரம் மீற்றர் ஏறினால் ஐந்தாறு பாகைதான் குளிரும். ஈரம் தீர்ந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை சூடேறும். அதனால் ஏறின இடத்தில் இருந்ததைவிடச் சூடாக வந்து சேருகிறது. உங்களுக்கு மழையை வாங்கிக்கொள்வது கொத்தார்ட் பக்கத்து மலைகள், நமக்கு நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மலைகள். நமக்கு ஒரு ஆறுதல், அந்த மலையில் விழுந்த மழையில் ஒரு பங்கை மகாவலி சுற்றிச் சுமந்து கொண்டுவந்து மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விடுகிறது. காற்றில் வராத தண்ணீர் ஆற்றில் வருகிறது.

வெளிநாட்டு வானிலை அகராதியில் கச்சான் என்ற நம்முடைய சொல்லையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஃபோன் வகைக் காற்று என்று. ஃபோன் என்ற பெயரும் பழைய உரோமர் மேல்காற்றுக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததாம். கச்சான் என்றாலும் மேல்காற்றுத்தானே. இதை அறிந்த நாளிலிருந்து நீ இருக்கிற ஊர் எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காற்று நாளில் நீ படுத்திருக்க, நான் தனியாக ஃப்ளூவெலன் ஏரிக்கரைக்கு நடந்து போனேன். கடல்காரனுக்குத் தண்ணியைப் பார்க்காமல் இருக்க முடியாது. கரையோரம் தண்ணி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. சிற்றலைகூட இல்லை. ஒரு குடும்பம் பிள்ளைகளோடு நின்று கல் எறிந்து விளையாடியது. நான் கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்தேன். கரையிலிருந்து விலக விலகத் தண்ணி கறுத்து, அதற்கும் அப்பால் ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை கிழிந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு செம்மஞ்சள் விளக்கு விடாமல் மின்னியது.

மகள், இதுதான் கச்சானின் சூது. காற்று தரையிலிருந்து தண்ணிக்கு அடிக்கும்போது கரையில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. மரமும் வீடும் மறைக்கும், அலை எழும்ப இடம் இருக்காது. பார்த்தால் குளம் போல இருக்கும். நூறு யார் போன பிறகுதான் பிடிக்கும். பிடித்தால் கரைக்குக் கொண்டுவராது, வெளியே கொண்டுபோகும். வாடையில் கவிழ்ந்தவன்கூடக் கரையில் ஒதுங்கலாம். கச்சானில் ஒதுங்கக் கரை இல்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நீ பிறந்த வருஷம் ஆனி மாதம், நானும் சித்தப்பாவும் விடியப்புறம் வலை எடுக்கப் போனோம். கரையில் நல்ல அமைதி. வலையை ஏற்றிக்கொண்டு திரும்புகிற நேரம் எஞ்சின் விசிறியைப் பிடிக்கிற பின் ஆணி முறிந்தது. வேறு ஆணி கொண்டுபோகவில்லை. அது முழுக்க என்னுடைய பிழை. நங்கூரக் கயிறு நிலம் தொடவில்லை. இரண்டு பேரும் சவள் துடுப்புப் போட்டோம், உள்ளங்கைத் தோல் உரிந்து சவளில் ஒட்டியது. ஒரு மணித்தியாலம் போட்ட பிறகு கோணமலையைப் பார்த்தேன், பெருவிரல் அளவு இருந்தது. பிறகு நகத்தளவு ஆனது. சித்தப்பா அதைப் பார்க்கக்கூடாது என்று அவனை முதுகு காட்டி இருக்கச் சொன்னேன். மத்தியானம் வழக்கமாகக் கடற்காற்று திரும்பும் என்று காத்திருந்தோம். கச்சான் கடுமையான நாளில் கடற்காற்று வரவே வராது என்பதை அன்றுதான் படித்தேன். பொழுது சாயும் நேரம் மூதூர்ப் போட் ஒன்று எங்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. கரையில் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றா. ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

அது இருபது அடி வள்ளம், பாரமான எஞ்சின், நிறைந்த வலை. உங்களுடையது ஊதின போட். அதற்குத் தண்ணிக்குள் பிடிப்பே கிடையாது, முழு உடம்பையும் காற்றுக்குத்தான் காட்டும். மருமகன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்தச் சின்னத் துடுப்பால் எதிர்க்க முடியாது. தண்ணியும் நம்முடைய கடல் மாதிரி 29 பாகை இல்லை. யூன் தொடக்கத்தில் நான் முழங்கால் வரை இறங்கினேன், எலும்பில் குத்தியது. உச்சிப் பனி உருகி ரொய்ஸ் ஆற்றில் வருகிற தண்ணி. கடலில் வளர்ந்த நாம் நீந்துவோம் என்று நினைப்பது அங்கே செல்லாது. கை கால் விறைத்துவிடும்.

உங்களுடைய ஊர்க்காரருக்கு இது தெரியாததல்ல. நடுச்சந்தியில் சிலையாக நிற்கிற வில்லியம் டெல், கைதியாகப் போன போட்டிலிருந்து பாறைக்குப் பாய்ந்து தப்பியது இந்த ஏரியில், இந்தக் காற்றில்தான் என்று அவர்களுடைய கதை சொல்கிறது.

ஆகவே போட்டை விற்கச் சொல்லவில்லை. சின்னவன் தண்ணி பழகத்தான் வேண்டும். நல்ல வெயில் நாளில் மத்தியானம் ஏரியிலிருந்து ஊர்ப் பக்கம் காற்று வரும், நான் பல நாள் பார்த்தேன். அது நம்முடைய கடற்காற்று மாதிரி, தள்ளினாலும் கரைக்குத்தான் தள்ளும். அந்த நாளில் இறங்குங்கள். மத்தியானமாகியும் அது வராமல், தெற்கிலிருந்து சூடு வந்து, பிரிஸ்டன் கிட்ட வந்து நின்றால், அன்றைக்குப் போட் வீட்டில் இருக்கட்டும். கரையில் அந்தச் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு நிமிஷத்துக்கு 40 தரம் மின்னினால் கவனம், 90 தரம் மின்னினால் அந்த நிமிஷமே கரை. சின்னவனை எண்ணப் பழக்கு, அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும். கரையில் நீளக் கயிறு கட்டியே போட்டை விடுங்கள், உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏறக்கூடாது, மருமகனும்தான். இதையெல்லாம்விட நல்லது, கொத்தார்ட் சுரங்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய அந்தச் சின்னத் தீவுகளின் ஓரம். முதல் வருஷம் அங்கேயே பழகட்டும்.

ஃபோன் அதிகம் அடிப்பது இளவேனிலில்தான், யூன் கடந்தால் குறையும் என்று பெரியவர் சொன்னார். ஆனால் குறைந்த பிறகு இடி வரும். நமக்குக் காய்ந்த மாதங்கள் உங்களுக்கு மழை மாதங்கள். காலையில் பளிச்சென்று இருந்து, மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் கோபுரம் போல மேகம் எழும்பினால் அரை மணித்தியாலம்தான் தவணை. ஆகவே அந்த மாதங்களில் ஏரிக்குப் போவதென்றால் காலையில் போய் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புங்கள்.

காற்று நாளில் பல்கனியில் கரி மூட்டி இறைச்சி சுட வேண்டாம். பக்கத்து மாநிலம் கிளாறுஸில் 1861 மே 10 இரவு ஃபோன் காற்றில் பிடித்த நெருப்பு ஏறக்குறைய 600 கட்டடங்களை எரித்தது. நம்முடைய அப்பாச்சி கச்சான் காலத்தில் பின்னேரச் சமையல் முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் தண்ணி தெளித்து, கையை வைத்துப் பார்த்த பிறகுதான் படுப்பா. கிடுகு வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் தெரியும்.

மிளகாய்க் கன்றுகளையும் கறிவேப்பிலையையும் வெளியில் வைத்துவிட்டாயா? அவசரப்படாதே. அங்கே மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர் நாட்கள் என்று சொல்வார்கள். அது கழியும் வரை ஊரில் யாரும் தக்காளி நட மாட்டார்கள். நான் நின்ற வருஷம் யூன் நடுவிலும் ஒரு குளிர் வந்து, முதல்நாள் பச்சையாக இருந்த மேட்டுப் புல்வெளி மறுநாள் வெள்ளையாகக் கிடந்தது. மயிர் கத்தரித்த செம்மறிகள் நடுங்குகிற குளிர் என்று அதற்குப் பெயர். கறிவேப்பிலைச் சட்டியை அந்தக் குளிர் நாட்களில் உள்ளே எடு. போன வருஷம் அது பட்டுப்போனதுக்கு நீ அழுதது அம்மாவுக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

தலையிடி வந்தால் தண்ணி நிறையக் குடி, யன்னலைப் பூட்டிப் படு. மல்லியும் வேர்க்கொம்பும் அம்மா பார்சலில் போட்டிருக்கிறா, அவித்துக் குடி.

போட் முதல் முதல் தண்ணியில் இறங்குகிற நாள் காலை ஏழு மணிக்கு, பல்கனியில் நின்று தெற்குப் பக்க மலையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே அப்போது பத்தரை. நான் கரையால் வந்து வீட்டில்தான் இருப்பேன். மேகம் மதில் கட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பதில் போடுவேன். பதில் வந்த பிறகு வெளிக்கிடுங்கள்.

அன்புடன்,
அப்பா