டிவி பார்த்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கத் தேர்தல் கட்டுரையில், "அமெரிக்க அரசியலைப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க என்ன இருக்கிறது? தினமும் டிவி பார்த்தாலே போதும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. நீங்கள் படித்துப் பார்த்துத்தான் அதை அனுமதித்தீர்களா என்று கேட்கவே மனம் கஷ்டப்படுகிறது.

நான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தேன். 1948 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலின்போதும் வாக்காளர்களிடம் கேள்வி கேட்டுப் பதில்களைச் சேர்த்துவரும் ஆய்வு, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் தொடங்கியதுதான். "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். "சரி, எந்தப் பக்கம் சாய்வீர்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். அப்படிச் சாய்கிறவர்களில் பெரும்பாலானோர் கட்சிக்காரர்களைப் போலவே அதே கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். நடுநிலையாளர்கள்தான் தேர்தலைத் தீர்மானிக்கிறார்கள் என்று டிவியில் இரவெல்லாம் பேசுகிறார்களே, இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஊர் திரும்பி ஒரு கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனபோதும் இதே பேச்சுதான். "அமெரிக்கா வரைக்கும் போய் இதையா படித்தீர்கள், கம்ப்யூட்டர் படித்திருக்கலாமே" என்றார்கள். அரசியலை வகுப்பில் கற்பித்த பேராசிரியர் உட்ரோ வில்சன்தான் 1913இல் அந்த நாட்டின் அதிபராகப் பதவியேற்றார்.

2016 தேர்தலுக்குப் பிறகும், அமெரிக்க மக்களில் பெரும்பான்மையினர் டிரம்ப்புக்கே வாக்களித்ததாக நீங்கள் எழுதினீர்கள். ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். அங்கே அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியாகத் தேர்வாகும் தேர்வாளர்கள்; ஜெயிக்க வேண்டியது அவர்களின் 538 வாக்குகளில் 270. அப்போதே விளக்கமாக ஒரு கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை.

இப்போது சென்ற இதழின் அந்தக் கட்டுரையில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர்கள் மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி ஒதுக்கப்படுவதாக வேறு இருக்கிறது. ஏறக்குறைய 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 2 பேர், 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 பேர். இது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்த நீங்களே இதை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

டிவி பற்றிய வரியைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. செனட் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு மூலையில் போடுங்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உங்கள் இதழைப் படித்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி